கொள்ளுத்தாத்தா எந்த வருடம் பிறந்தார்?

வாசகர் கேள்வி – பதில்

குடும்ப வரலாறு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பலரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: பழைய பிறப்புப் பதிவு. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1830களில் பிறந்தவர். அரசாங்கப் பிறப்புப் பதிவில் எத்தனையோ விதமாகத் தேடிவிட்டேன், பெயரே இல்லை. இனி எங்கே தேடுவது?

பதில்: தேடுவதை ஒரு நாள் நிறுத்திவையுங்கள். அந்த நாட்டில், அந்த வருடத்தில், ஒரு குழந்தை பிறந்ததை எழுதிவைக்கவேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது? முதலில் இதற்கு விடை கண்டுபிடியுங்கள். இது தெரியாமல்தான் நிறையப் பேர் அந்தக் காலத்தில் தொடங்கவே படாத ஒரு பதிவேட்டில் பெயரைத் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

அரசாங்கங்கள் பிறப்பை எழுத ஆரம்பித்தது நாம் நினைப்பதைவிட ரொம்பவும் பிந்தி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்தில் 1855. அயர்லாந்தில் 1864. ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் 1876. பிரான்ஸ் மட்டும் புரட்சியின் சூட்டோடு 1792இலேயே பதிவைத் தேவாலயத்தின் கையிலிருந்து வாங்கி நகராட்சியிடம் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. மாசசூசெட்ஸ் 1841இலேயே மாநிலம் முழுக்கப் பதியத் தொடங்கிவிட்டது, ஆனால் எல்லா மாநிலங்களும் தேசியப் பிறப்புப் பதிவு ஏற்பாட்டுக்குள் வந்து சேர 1933 ஆயிற்று. இந்தியாவில் 1886இல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் விருப்பப்பட்டவர் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில்தான்; நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான கட்டாயம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

சட்டம் வந்த மறுநாளே எல்லோரும் போய்ப் பதிந்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் ஆரம்பத்தில் பதிவாளர்தான் தன் வட்டாரத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தது என்று விசாரித்துப் போய் எழுதவேண்டும். பொறுப்பு பெற்றோர் தலையில் உறுதியாக விழுந்தது 1874இல் வந்த சட்டத்துக்குப் பிறகு. அதற்கு முந்தைய 37 வருடங்களில் விட்டுப்போன குழந்தைகள் இருக்கிறார்கள். உங்கள் ஆள் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சரி, அரசாங்கம் எழுதவில்லை என்றால் யார் எழுதினார்கள்? ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாதிரியார். இங்கிலாந்தில் 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் ஏட்டில் எழுதுவதை 1563இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் கட்டாயமாக்கியது. சுவீடனில் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே பாதிரியார் வீட்டுவாரியாக ஒரு ஏடு வைத்து, குடும்பத்தில் இருக்கிற ஒவ்வொருவரின் பிறந்த நாளையும் எழுதி, அவர்கள் ஊர் மாறிப்போனால் எங்கே போனார்கள் என்பதையும் அதிலேயே குறித்தார். சுவீடனில் மூதாதையர் உள்ளவர்களைப் பார்த்து மற்ற ஆராய்ச்சியாளர்கள் பெருமூச்சு விடுவது இதனால்தான்.

தேவாலயத்துக்கே போகாத குடும்பமாக இருந்தால்? குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆனால் பிறப்பைத் தங்கள் கூட்டத்தின் ஏட்டில் தேதியோடு எழுதினார்கள். யூதக் குடும்பங்களில் விருத்தசேதனம் செய்துவைத்தவர் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பது உண்டு. மருத்துவச்சிகளும் எழுதினார்கள். அமெரிக்காவில் மெயின் பகுதியில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் அவர் பார்த்த 816 பிரசவங்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் எத்தனையோ குழந்தைகளின் பிறப்பு, பனியில் ஆற்றைக் கடந்து போய்ப் பிரசவம் பார்த்துத் திரும்பிவந்து விளக்கு வெளிச்சத்தில் எழுதிய அந்தப் பெண்மணியின் கையெழுத்தில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் ஆளின் ஊரில் இப்படி யாராவது எழுதிவைத்தார்களா என்று அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்படிப்பட்ட நோட்டுகள் எந்தப் பெரிய இணையதளத்திலும் இல்லாமல் அலமாரியில் கிடப்பதே அதிகம்.

கேள்வி: ஞானஸ்நானத் தேதி கிடைத்திருக்கிறது. அதையே பிறந்த தேதியாகக் குடும்ப மரத்தில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஞானஸ்நானம் என்றே எழுதுங்கள். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்தது என்று ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் லத்தீனில் ஒரே ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். உலகம் கொண்டாடுகிற ஏப்ரல் 23 ஓர் ஊகம். அவருக்கே அப்படி என்றால் நம் வீட்டு ஆட்களுக்கு நாம் ஒரு தேதியை உண்டாக்கி எழுதிவிடக் கூடாது.

பிறந்த ஓரிரு நாளில் ஞானஸ்நானம் நடந்த இடங்களும் காலங்களும் உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போனதும் உண்டு. நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் போன பெற்றோரும் இருக்கிறார்கள். ஏட்டைப் பார்க்கிறவர் நால்வரும் ஒரே பிரசவம் என்று நினைத்துவிடுவார். வளர்ந்து ஆளாகி, கல்யாணத்துக்கு முன்னால் போய் ஞானஸ்நானம் வாங்கியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. அதில் தகப்பனின் தொழிலுக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் கட்டம் உண்டு, பிறந்த தேதிக்குக் கட்டமே கிடையாது. சில நல்ல மனசுள்ள பாதிரியார்கள் அதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிவைத்தார்கள். அதனால் ஓரங்களைக் கவனமாகப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறான குழப்பம். அரசாங்கச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பே அதே குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாகத் தேவாலய ஏடு சொல்கிறது. பிறக்கும் முன்பே எப்படி?

பதில்: தேவாலய ஏட்டை நம்புங்கள். நீங்கள் சொல்வது இங்கிலாந்துச் சான்றிதழ் என்பதால் காரணமும் எளிது. அங்கே பிறந்து 42 நாளுக்குள் பதியவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம், அலைச்சல். கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பதிவாளரிடம் நடந்து போகும்போது 50 நாள் ஆகியிருக்கும். கேட்டால் கெடுவுக்குள் வருகிற மாதிரி ஒரு தேதியைச் சொல்லிவிடுவார். உங்கள் சான்றிதழில் பதிவு நாளையும் பிறந்த நாளையும் வைத்து எண்ணிப் பாருங்கள். 40, 41 என்று வந்தால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஒரே அப்பா அம்மாவுக்கு, ஒரே பெயரில், இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பதிவாகியிருக்கிறார்கள். இரண்டாவது பதிவு பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழை இல்லை, துக்கம். முதல் பிள்ளை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது பல நாடுகளில் பல நூற்றாண்டுகள் இருந்த வழக்கம். பெயர் தாத்தாவுடையதாக இருக்கும், அது குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

பீத்தோவனுக்கு இதுதான் நடந்தது. 1769 ஏப்ரலில் பான் நகரத்தில் லுட்விக் மரியா என்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று; சில நாளில் அது இறந்துபோனது. அடுத்து வந்த பிள்ளைக்கும் லுட்விக் என்றே பெயர், 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம். அந்த இரண்டாவது லுட்விக்தான் நமக்குத் தெரிந்த பீத்தோவன். 1810இல், தன் ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டபோது, பழைய நண்பர் வேகலருக்கு எழுதி வாங்கித் தரச் சொன்னார். எனக்கு முன்னால் இதே பெயரில் ஓர் அண்ணன் பிறந்து இறந்திருக்கிறான், அவனுடையதை அனுப்பிவிடாதே என்று எச்சரிக்கையும் செய்தார். சரியான சான்றே வந்தது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தான் 1772இல் பிறந்தவன் என்றே மனதில் பதிந்திருந்தது, அதனால் 1770 என்று எழுதிய அந்தத் தாள் அண்ணனுடையது என்று நினைத்தார். தன் பிறப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் அது தன்னுடையது இல்லை என்று நம்பியிருக்கிறார். நமக்கு வழிகாட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்பேன்.

ஆக, பிறப்புப் பதிவு கிடைத்ததும் சந்தோஷத்தில் ஏட்டை மூடிவிடாதீர்கள். அதே பங்கின் அடக்க ஏட்டை எடுத்து, அடுத்த ஐந்தாறு வருடத்தை வரி வரியாகப் பாருங்கள். அந்தக் குழந்தை அங்கே இருந்தால் நீங்கள் ஆறு தலைமுறையை ஒரு தவறான பிள்ளையின் மேல் கட்டவிருந்தீர்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். ஒரு பக்கத்தில் 'குழந்தை', 'குழந்தை', 'குழந்தை' என்று வரிசையாக வரும். ஏதோ ஒரு காய்ச்சல் வந்த மாதமாக இருந்திருக்கும்.

கேள்வி: ஏட்டின் படம் கிடைத்தும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. பெயரும் நாங்கள் கேள்விப்பட்ட பெயராக இல்லை.

பதில்: ஒரு வரியை மட்டும் முறைத்துப் பார்த்தால் யாருக்கும் படிக்க வராது. பத்துப் பக்கம் முன்னால் போய், அதே கை எழுதிய தெளிவான வரிகளைப் படியுங்கள். மாதப் பெயர்கள் நமக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அவற்றை வைத்து அவர் 'எஸ்' எப்படிப் போடுகிறார், 'ஹெச்' எப்படி வளைக்கிறார் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். பழைய மை தாளை அரித்து அடுத்த பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். அது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித் தெரிவதால் அப்புறம் பிரித்தறிய முடியும். ஒரு முறை ஒரு பெயரின் மேல் கிடந்த கோட்டை அடித்தல் என்று நினைத்து மாலை முழுக்கக் குழம்பிக் கிடந்தேன். கடைசியில் அது பின்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயரின் அடிக்கோடு.

பெயர் மாறித் தெரிவதற்குக் காரணம் லத்தீன். பாதிரியார் வில்லியத்தை குலியெல்முஸ் என்று எழுதுவார். ஜாகோபுஸ் என்றிருந்தால் அது ஜேம்ஸும் ஆகலாம், ஜேக்கபும் ஆகலாம். வீட்டில் யாரும் அந்தப் பையனை அந்த லத்தீன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். குடும்பப் பெயரோ காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. தாய் தகப்பனுக்கு எழுத்து தெரியாது, திருத்திச் சொல்ல ஆளில்லை. கணினி இண்டெக்ஸில் தேடும்போது பெயரைச் சுருக்கி, ஊரையும் அப்பாவின் பெயரையும் மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரே பங்கில் அந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆளின் வரியில் கறை பட்டிருந்தாலும் தங்கையின் வரியில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் பளிச்சென்று இருக்கும். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கிற ஞானப்பெற்றோர் பெயரையும் விடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோதான்.

இங்கிலாந்து ஏடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. 1598 முதல் ஒவ்வொரு பங்கும் வருடத்துக்கு ஒரு முறை ஏட்டின் நகலை ஆயருக்கு அனுப்பவேண்டியிருந்தது. மூல ஏடு ஈரத்தில் நைந்துபோயிருந்தாலும் நகல் வேறு கட்டடத்தில் பிழைத்திருக்கும். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள். நகல் எடுத்தவர் விட்டதும் உண்டு, சேர்த்ததும் உண்டு.

கேள்வி: எங்கள் குடும்பத்துப் பதிவுகள் எல்லாம் தீயில் போய்விட்டன என்று சொல்லிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: எது எரிந்தது என்று சரியாகக் கேளுங்கள். நீங்கள் அயர்லாந்து என்று எழுதியிருக்கிறீர்கள். 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த ஆங்கிலிக்கன் பங்கு ஏடுகள், உயில்கள் எல்லாம் சாம்பலாயின. ஆனால் 1864 முதலான அரசாங்கப் பிறப்புப் பதிவுகள் அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை, அவை பத்திரமாக இருக்கின்றன. கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. எல்லாம் போய்விட்டது என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனை பேர் தேடலையே கைவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பாரிஸில் 1871இல் நகரின் பிறப்பு, இறப்பு ஏடுகள் எரிந்தபோது மக்களிடம் வீட்டில் இருந்த சான்றுகளை வாங்கி, தேவாலய ஏடுகளோடு ஒப்பிட்டு, ஒரு பகுதியைத் திரும்ப எழுதினார்கள். முழுதாக வரவில்லை, ஆனால் ஒன்றுமே இல்லாமலும் போகவில்லை.

கேள்வி: பாட்டியின் வயது ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: ஒவ்வொரு காகிதத்திலும் அதைச் சொன்னவர் யார், பிறப்பிலிருந்து எத்தனை வருடம் கழித்துச் சொன்னார், அந்த வயதால் அவருக்கு ஏதாவது ஆகவேண்டியிருந்ததா என்று பாருங்கள். பிறந்த வாரத்தில் எழுதியதற்கு மதிப்பு அதிகம். இறப்புச் சான்றில் வயதைச் சொன்னவர் மருமகனாக இருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வயது ஏறும், இறங்கும். அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பிறந்தபோது பதியப்படாத பெரியவர்கள் ஏராளமானோர் தாமதச் சான்றிதழ் வாங்கினார்கள். அதில் அவர்கள் காட்டிய ஆதாரம் என்னவென்று அந்தச் சான்றிதழிலேயே இருக்கும், குடும்ப பைபிளோ பள்ளிக்கூடப் பதிவோ. அந்த வரிதான் உங்களுக்கு அடுத்த படி.

மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர்களின் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால் நாள்காட்டியே மாறும். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் ஏட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. கல்யாணம் 1720 ஜூனில், பிள்ளை 1720 பிப்ரவரியில் என்று பார்த்துவிட்டு அவசரமாக ஒரு முடிவுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை, எட்டு மாதம்தான்.

கேள்வி: கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவில் அப்பா பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. இதற்கு மேல் தெரிந்துகொள்ளவே முடியாதா? வீட்டில் பெரியவர்கள் இதைப் பேசவேண்டாம் என்கிறார்கள்.

பதில்: பெரியவர்களை வற்புறுத்தவேண்டாம். அவர்களுக்கு அது வலியாக இருக்கலாம், நீங்கள் காகிதத்தில் தேடிக்கொள்ளலாம்.

முதல் பதிலில் சொன்ன அதே கேள்விதான் இங்கேயும்: எழுதவேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது? பழைய இங்கிலாந்தில் தகப்பன் பெயர் தெரியாத குழந்தையை வளர்க்கும் செலவு பங்கின் தலையில் விழும். அதனால் பங்கு அதிகாரிகள் தாயை விசாரித்து, தகப்பனைத் தேடிப் பிடித்து, பணம் கட்டுகிறேன் என்று எழுதி வாங்கினார்கள். அந்த விசாரணைத் தாள்களும் ஒப்பந்தங்களும் பல ஊர்களில் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஞானஸ்நான ஏட்டில் காலியாக விட்ட பெயர் இந்தத் தாளில் தொழிலோடும் ஊரோடும் இருக்கும். குழந்தைக்கு வைத்த நடுப்பெயரையும் பாருங்கள், அது யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் மாதிரி ஒலித்தால் அந்த அம்மா சொல்லாமல் சொல்லிவிட்டார் என்று அர்த்தமாக இருக்கலாம். அது துப்பு மட்டும்தான், ஆதாரம் ஆகாது.

லண்டனில் 1739இல் தொடங்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில், விட்டுப்போகிற தாய்மார்கள் என்றாவது திரும்பிவந்து பிள்ளையை அடையாளம் காட்ட ஒரு துண்டுத் துணியோ நாணயமோ வைத்துவிட்டுப் போனார்கள். இல்லம் பிள்ளைக்குப் புதுப்பெயர் வைத்துவிடும். அந்தத் துணிகள் பதிவுத் தாளோடு குத்தப்பட்டு இன்றும் இருக்கின்றன: பூப்போட்ட பருத்தித் துணி, ஒரு ரிப்பன், குழந்தைச் சட்டையின் கையிலிருந்து வெட்டிய துண்டு. பெயர் எழுதத் தெரியாத பெண்கள் விட்டுப்போன பிறப்புப் பதிவு என்று நான் அவற்றைத்தான் சொல்வேன்.

கேள்வி: இணையத்தில் இன்னொருவர் எங்கள் குடும்ப மரத்தை 1600 வரை போட்டிருக்கிறார். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? காசு கொடுத்துத்தான் தேடவேண்டுமா?

பதில்: அந்த மரத்தில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள். இல்லாவிட்டால் அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் பாருங்கள், இலவசம். 1938இலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிப் படமெடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை அவர்கள் டிஜிட்டல் ஆக்கி 2021இல் முடித்தார்கள். பெயர் போட்டுத் தேடி வரவில்லை என்றால் படமே இல்லை என்று நினைக்கவேண்டாம். பெயர் இண்டெக்ஸில் சேர்க்கப்படாத ஏடுகள் நிறைய இருக்கின்றன. கேட்டலாகில் ஊர்ப் பெயரைப் போட்டு ஏட்டைத் திறந்து, பக்கம் பக்கமாகத்தான் புரட்டவேண்டும். சில படங்களை அவர்களுடைய மையங்களில் உட்கார்ந்து மட்டுமே பார்க்க முடியும்.

புரட்டும்போது ஒரு நோட்டில், எந்த ஏட்டில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பார்த்தேன், கிடைக்கவில்லை, நடுவில் எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து அதே ஏட்டை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து திறப்பீர்கள்.